ரெண்டு நாற்காலி மேனேஜர்

தன்னிடமே மனு கொடுத்து, தானே அதைத் தள்ளுபடி செய்து, அந்தக் கோபத்தில் மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமல் போன மேனேஜர் தர்மபுரி மாவட்டத்திலேயே ஒருவர்தான் உண்டு. மாரண்டஹள்ளிப் பக்கம் நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் அவருக்குப் பெயர் ‘ரெண்டு நாற்காலி’.

எதையும் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர் முடிவு செய்ததில்லை. பழம் அடுக்கப் புது கிரேட் பெட்டி வாங்கலாமா என்று கேட்டால் போதும். எழுந்து, மேசையைச் சுற்றி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தன் காலி நாற்காலியைப் பார்த்து, “பழசெல்லாம் ஒடஞ்சு கெடக்குதுங்க சார், பழம் நசுங்குது” என்று கெஞ்சுவார். திரும்ப அந்தப் பக்கம் போய், “போன சீசன்லதானய்யா வாங்குனோம்?” என்று அதட்டுவார். டீ கொண்டுவந்த வாட்ச்மேன் மாதையன் நடுவில் முழிப்பார்.

“எந்தப் பக்கம் வெக்கட்டுங்க?”

“இருய்யா, யாரு ஜெயிக்கறாங்கன்னு பாத்துட்டு வெய்யி.”

ஒருநாள் லாரி டிரைவர் லீவு கேட்டு வந்தார். நம்மவர் எதிர் நாற்காலிக்குப் போய் டிரைவருடைய மனைவியாகவே மாறிவிட்டார். “புள்ளைக்குக் காதுகுத்து, அப்பன்காரன் லாரியில உக்காந்திருந்தா எங்கண்ணன் என்னைய என்ன கேப்பான்?” டிரைவர் கேட்டது ஒரு நாள், கிடைத்தது இரண்டு. “எம்பொண்டாட்டிக்கே இப்படிப் பேச வராதுங்க தம்பி” என்று என்னிடம் சொல்லிக்கொண்டே போனார்.

மாங்காய் வரத்து விழுந்துபோன வருஷம், ஒரு ஆளைக் குறைக்கச் சொல்லி ஹெட் ஆபீஸிலிருந்து போன் வந்தது. கடைசியாகச் சேர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜுக்குப் போனவனும் நான்.

“வாங்க தம்பி, என் சேர்ல உக்காருங்க. இப்ப நீங்கதான் மேனேஜரு” என்றவர், எதிரே உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். “சார், என்னைய அனுப்பிடாதீங்க சார்.”

எது சொன்னாலும் ஒழுங்காகச் செய்கிறவன் நான். மேனேஜர் என்றால் மேனேஜராகத்தானே யோசிக்க வேண்டும்? யோசித்தேன். வரத்து இல்லை, வேலையும் இல்லை, ஆளோ புதுசு.

“மன்னிச்சுக்குங்க. நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்” என்று என்னை நானே வேலையை விட்டு அனுப்பிவிட்டேன்.

அவர் ஆடிப்போய்விட்டார். “யோவ் தம்பி!” என்று பல்லைக் கடித்தவர், மறுபடி கையைக் கட்டினார். “என்ன சார், இப்படிப் பொசுக்குன்னு சொல்லிட்டீங்க? எம்பையன் ஃபேனுக்கடியில உக்காந்து வேலை பாக்கறான்னு எங்கப்பா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காருங்க. நாளைக்கு நான் தக்காளிக் காட்டுல போயி நின்னா, அவரு மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெச்சுக்குவாரு?”

என் அப்பாவை அவர் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார், அதுவும் கேட்டுக்கு வெளியே. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“சரி… இருங்க” என்றேன்.

உடனே போனை எடுத்தார். “ஆள் குறைக்க மேனேஜர் ஒத்துக்கலீங்க.”

அந்தப் பக்கத்தில் ஏதோ கேட்டார்கள்.

“நான் இல்லீங்க சார். அவரு என் சேர்ல உக்காந்து அழுதுட்டிருக்காரு.”

ஹெட் ஆபீஸ் அதற்குப்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த சீசனில் மாங்காய் வந்து குவிந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

இப்போது அரூரில் ஒரு சின்னக் கிளை என் பொறுப்பில். யாருக்காவது ‘முடியாது’ என்று சொல்ல வேண்டி வந்தால், கதவைச் சாத்திவிட்டு எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கிருந்து பார்த்தால் என் நாற்காலி ஒருநாளும் காலியாக இருப்பதில்லை; அன்று அழுத அந்தப் பையன் அதில் உட்கார்ந்திருக்கிறான்.