முன்கூட்டியே டிக் அடிப்பவர்

காலை பதினொன்று இருபதுக்குச் செய்தி வந்தபோது, முப்பிடாதி மதியம் ஒரு மணி வரைக்குமான கட்டங்களுக்கு டிக் அடித்து முடித்திருந்தார். செய்தி என்னவென்பது பிறகு. முதலில் டிக்கைப் பார்த்துவிடுவோம். முப்பிடாதிக்குப் பழகிய வரிசையும் அதுதான்.

முன்கூட்டியே டிக் அடிப்பவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓட்டல் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் அட்டையில், மாலை ஆறு மணிக்குச் சுத்தம் செய்ததாகக் காலை பத்து மணிக்கே கையெழுத்து இருக்கிறதே, அவர். தீயணைப்பு உருளையின் கழுத்துச் சீட்டில், மாதாமாதம் சோதித்ததாக டிசம்பர் வரை முதலெழுத்துப் போட்டு வைத்திருக்கிறாரே, அவர். நடக்கப்போவதை நடந்துவிட்டதாக எழுதிவிட்டு, அது நடக்கும்வரை நிம்மதியாக டீ குடிப்பவர். சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி எழுதவே மாட்டார். இவருக்கோ காலிக் கட்டத்தைக் கண்டால் கை ஊறும்.

ஒரகடத்தில் காருக்கு பிரேக் பாகம் செய்யும் தொழிற்சாலையில் முப்பிடாதி தரம் பார்ப்பவர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பி.எஸ்ஸி. இயற்பியலோடு வந்து, பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வாடகை அறையில் தம்பி மாரிமுத்துவோடும் தாவீது என்ற நண்பரோடும் தங்கியிருந்தார். அரை மணிக்கு ஒருமுறை லைனிலிருந்து ஐந்து பாகங்களை எடுத்து, போல்ட்டின் இறுக்கத்தை அளந்து, எண்ணை எழுதி, டிக் அடிக்க வேண்டும். அளப்பது வெறும் வேலை. அளக்காமல் எழுதுவது கலை. ஒரே எண்ணை அடுத்தடுத்து எழுதக் கூடாது. ஒன்றிரண்டு ஏறி இறங்க வேண்டும், ஆனால் துள்ளக் கூடாது. தாளுக்கு ஒரே ஓர் இடத்தில் எண்ணை அடித்துத் திருத்த வேண்டும். இந்தக் கடைசி நுணுக்கம் முப்பிடாதியின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று அவர் நம்பியிருந்தார். அடித்துத் திருத்திய தாளை எந்த ஆடிட்டர் சந்தேகப்படுவார்?

"இன்னா முப்பிடாதி, எது வரிக்கும் போட்டுக்கினே?" என்பார் சூப்பர்வைசர் தணிகாசலம்.

"லஞ்ச் வரைக்கும் போட்டாச்சு சார்."

"லஞ்ச்சோட நின்னா எப்டிப்பா? மதியம் ஆடிட்டு வந்தா நம்ம லைன் மட்டும் கடியாரத்த பாத்துக்கினு ஓடுதுன்னு தப்பா நெனச்சிக்கப் போறாங்க."

இந்தப் பழக்கம் தொழிற்சாலை கேட்டோடு நின்றுவிடாது. கூடவே வந்து நாக்கில் ஏறிக்கொள்ளும். சிலிண்டருக்குப் பதிந்தாயா? பதிஞ்சாச்சு. டயரில் காற்று பார்த்தாயா? பாத்தாச்சு. சொன்ன பிறகு போய்ப் பதிவார், போய்ப் பார்ப்பார். பெரும்பாலும்.

2011 ஜூன் மாதம், பென்னலூர் அருகே லாரி சிந்திய மணலில் பைக் சறுக்கி மாரிமுத்துவுக்கு வலது முன்கை எலும்பு முறிந்தது. நெடுஞ்சாலையோரத்துத் தனியார் மருத்துவமனையில் மறுநாள் காலை பத்து மணிக்கு மயக்க மருந்து கொடுத்துத் தகடு வைப்பதாக ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்துத் தொழிற்சாலையில் ஆடிட். லீவு கிடையாது. காலை ஆறரைக்கே அம்மா ஊரிலிருந்து போனில் வந்துவிட்டார்.

"மாரிக்கு இழுப்பு உண்டுன்னு டாக்டர்ட்ட சொல்லிட்டியாய்யா?"

"சொல்லியாச்சும்மா."

சொல்லவில்லை. சொல்லப்போகிறார். இரண்டுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

ஏழு மணிக்கு மருத்துவமனை வார்டில் பிரவீனா என்ற நர்ஸ் ஒரு தாளோடு வந்தார். "பேஷண்டுக்குக் கை முடியாதில்ல, நீங்களே ஃபில் பண்ணி சைன் போட்டுக் குடுத்துடுங்க சார்." மயக்க மருந்துக்கு முன் கேட்கும் கேள்விகள், பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம்: ஆம், இல்லை. கட்டங்கள். முப்பிடாதியின் பேனா 'இல்லை' வரிசையில் மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக இறங்கியது. பதினான்கு டிக், முக்கால் நிமிடம். எட்டாவது கேள்வி, மூச்சிழுப்பு உண்டா என்பது.

"என்னண்ணே, இங்கயும் ஆடிட்டா?" என்றான் மாரிமுத்து, கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்தபடி.

"ஒண்ணுமில்லலே. சும்மா ஃபார்மாலிட்டி."

மயக்க மருந்து டாக்டர் நேரில் வந்தும் கேட்டிருக்க வேண்டும். வரவில்லை. அவருக்குத் தாள் போதுமானதாக இருந்தது. முப்பிடாதி தாவீதை அங்கே உட்காரவைத்துவிட்டு ஷிப்டுக்கு ஓடினார்.

லைனில் போனுக்கு அனுமதியில்லாததால் தாவீது சூப்பர்வைசரைத்தான் அழைத்திருந்தார். பதினொன்று இருபதுக்குத் தணிகாசலம் வந்து நின்றார். அன்று அவர் கேலி பேசவில்லை. "கையில கீறத வெச்சிட்டு வாப்பா. ஆஸ்பத்திரில இருந்து போன். தம்பி பூட்டானாம்."

ஒரு மணிக் கட்டத்தின்படி, அன்று ஒரு மணிக்கு ஐந்து பாகங்களும் சரியான இறுக்கத்தில் இருந்தன. அளந்தவர்தான் பிணவறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றது மருத்துவமனை. தாவீது நடைவழியில் பார்த்தது வேறு. பத்தரைக்கு மயக்க மருந்து டாக்டர் வெளியே வந்து, எதிரிலிருந்த ஆபரேஷன் தியேட்டருக்குள் இன்னொரு நோயாளிக்குப் போனார். இருபது நிமிடம் கழித்து நர்ஸ் கூப்பிட்டபோது ஓடிவந்தார். இதைச் சொல்லி நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட வேண்டும் என்றார்கள் எல்லோரும். "போட்டுக்கிட்டே இருக்கேன்" என்றார் முப்பிடாதி. குன்றத்தூரில் வக்கீல் செங்கமலத்தைப் போய்ப் பார்ப்பதற்குள் இருபத்து மூன்று மாதம் ஓடிவிட்டது.

வக்கீல் மருத்துவமனை தந்த நகல்களை மேசையில் பரப்பினார். "பத்து அம்பதுக்கு இதயம் நின்னுபோச்சுன்னு இவங்களே எழுதியிருக்காங்க. ஆனா மயக்க மருந்து சார்ட்ல பதினொண்ணு பத்து வரிக்கும் உங்க தம்பிக்கு நாடி நல்லா ஓடுது. கேட்டா கடியாரம் தப்புன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க."

முப்பிடாதி அந்தத் தாளைக் கையில் வாங்கினார். ஐந்து நிமிடத்துக்கு ஓர் எண். 78, 80, 79, 82, 80. ஒரே எண் அடுத்தடுத்து வரவில்லை. ஏறி இறங்கியிருந்தது, துள்ளவில்லை. பத்து நாற்பதுக்கு எதிரே ஒரே ஓர் அடித்தல் திருத்தல். தன் ஊர்க்காரரை வெளியூர் பஸ்ஸில் கண்டதுபோல ஒரு கணம் அவர் முகம் மலர்ந்தேவிட்டது. அப்புறம்தான் தாளின் தலைப்பில் தம்பியின் பெயரைப் பார்த்தார்.

"மேடம், இது அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க எழுதுனது இல்ல. ஒரே இருப்புல முன்னாடியே எழுதி வச்சது."

"எத்த வெச்சு சொல்றீங்க?"

"நானும் இப்படித்தான் எழுதுவேன்."

வக்கீல் ஒரு வெள்ளைத்தாளை அவர் பக்கம் தள்ளினார். "அதையே வாக்குமூலத்துல எழுதுங்க. எப்டித் தெரியும்னும் எழுதணும். அப்புறம், நீங்க டிக் அடிச்ச தாள் அவங்க கையில இருக்கு. மொதல்ல அதத்தான் காட்டுவாங்க. நாமளே முந்திக்கினு சொல்லிடணும். ரெண்டையும் பன்னெண்டாவது பாராவுல வெச்சிடுங்க. வெள்ளிக்கிழமை கொண்டாங்க, ரெண்டு வருஷம் தாண்டிட்டா மனுவ எடுக்க மாட்டாங்க. அம்மாதான் வாரிசு, அவங்களும் ஒவ்வொரு பக்கமும் கையெழுத்துப் போடணும்."

தணிகாசலத்திடம் சொன்னபோது அவர் தலையைச் சொறிந்தார். "எழுதுப்பா. ஆனா கம்பெனில அத்த படிச்சா நீ மட்டும் இல்ல, லைனே மொத்தமா வூட்டுக்குப் போவும்." முப்பிடாதிக்கு வேலை போவதுகூடப் பெரிதாகப் படவில்லை. அம்மா ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். ரேஷன் சீட்டானாலும் வரிவரியாக விரல் வைத்து, வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். பன்னிரண்டாவது பாராவின்மேலும் அந்த விரல் ஊரும். 'சொல்லியாச்சும்மா' என்பதை இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருக்கும் விரல். அப்படிப்பட்டவருக்கு இப்படியொரு பிள்ளை எங்கிருந்து வந்தான் என்று முப்பிடாதியே வியந்துகொண்டார்.

நீங்கள் தலையாட்டுகிறீர்கள். நல்லது. பிள்ளையின் வீட்டுப்பாட நோட்டில் 'பார்த்தேன்' என்று கடைசியாக நீங்கள் கையெழுத்திட்டபோது எந்தப் பாடத்தைப் பார்த்தீர்கள்? கம்ப்யூட்டர் திரையில் 'முழுவதும் படித்தேன், சம்மதிக்கிறேன்' என்ற கட்டத்தை அமுக்கினீர்களே, எதற்குச் சம்மதித்தீர்கள்? நேற்றுக் காலை பல் துலக்கிக்கொண்டே போனில் 'கிளம்பிட்டேன், பாதி வழி வந்துட்டேன்' என்றது யார்? உங்களுக்கு இதுவரை எந்தக் கட்டமும் எட்டாவது கட்டமாக இருக்கவில்லை. அவ்வளவுதான்.

இன்று புதன்கிழமை. முப்பிடாதியின் வாக்குமூலத்தில் பதினொரு பாராக்கள் தயார். பன்னிரண்டு என்று எண் போட்டு, அதன் எதிரே அரைப் பக்கம் காலியாக இருக்கிறது. அதற்குக் கீழே, வெள்ளிக்கிழமைத் தேதியிட்டு, முப்பிடாதியின் கையெழுத்து இருக்கிறது.