பிற்பகல் இரண்டரை மணிக்கு அனுப்பிய குரல்

சான் கெர்வாசியோ,
நவம்பர் 14, வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய அக்கா எர்மினியாவுக்குத் தம்பி அன்செல்மோ வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நான், பூனை, முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். உன் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று மருமகள் சொன்னாள். கட்டு அவிழ்த்ததும் நீ சிரமப்படக் கூடாது என்று எழுத்தைப் பெரிதாகவே போடுகிறேன். ரொசாரியோவில் உன் வீட்டுப் பின்னறை இன்னும் காலியாக இருக்கிறதா? காரணத்தோடுதான் கேட்கிறேன். இந்த ஊரில் எனக்கு முகம் இல்லாமல் போய்விட்டது.

நம் மக்கள் நூலகத்துக்குப் பத்தொன்பது வருடமாக நான் செயலாளர் என்பது உனக்குத் தெரியும். நாலாயிரம் புத்தகம், எண்பத்திரண்டு உறுப்பினர், வந்து போகிறவர்கள் ஏழு பேர், அதில் ஒருவர் மின்விசிறிக்காக வருகிறவர். ஆண்டுக் கூட்டத்துக்குப் பாதிக்கு மேல் உறுப்பினர் வந்தாக வேண்டும், மூன்று வருடம் தொடர்ந்து வராவிட்டால் கட்டிடம் நகராட்சிக்குப் போய்விடும் என்று நம் தாத்தா காலத்தில் விதி எழுதி வைத்திருக்கிறார்கள். சென்ற வருடம் வந்தவர்கள் பதினொரு பேர். அதற்கு முந்தைய வருடம் ஒன்பது, மழை. இது மூன்றாவது வருடம். வாசிப்பறையில் வண்டி ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகம் வைப்பதற்காக நகராட்சி ஆள் ஒருவர் நாடாவோடு வந்து என் மேசையை அளந்துவிட்டே போனார். நான் அதில் உட்கார்ந்திருந்தேன். என்னையும் சேர்த்து அளந்தாரா என்று தெரியவில்லை.

இந்த நிலைமையில்தான் நம் நூலகர் நீதியா (தச்சர் பெர்தோலினியின் மகள், காதில் எப்போதும் பென்சில்) வாட்ஸ்அப்பில் நூலகத்துக்கு ஒரு குழு தொடங்குவோம் என்றாள். நிர்வாகக் குழுவில் ஐந்து பேர். நான் மட்டும் எதிர்த்து வாக்களித்தேன். "நூலகம் அமைதிக்கான இடம், தந்தி அலுவலகம் அல்ல" என்று குறிப்பேட்டில் பதியவும் வைத்தேன்.

அக்கா, இனி எழுதுவது நம் இருவருக்குள் இருக்கட்டும். நான் நினைத்தது தவறு. நீதியா காதில் விழுந்தால் அவளைத் தாங்க முடியாது, ஆகையால் உன்னிடம் மட்டும் சொல்கிறேன். முப்பது மைல் தள்ளிப் பண்ணை வைத்திருக்கும் ஒஃபேலியா, மாட்டுக்கு மடி வீங்கியிருக்கிறது, என்ன செய்வது என்று ஒரு நாள் காலை குழுவில் கேட்டாள். நூலகத்தின் கால்நடை மருத்துவக் கையேட்டைத் தேடினால் அலமாரியில் இல்லை. அடுத்த நிமிடம் கசாப்புக்கடை ரூஃபினோ அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டுவிட்டான். மாடு பிழைத்தது. பதினான்கு வருடமாகக் காணாமல் போயிருந்த புத்தகமும் இருக்குமிடம் தெரிந்தது. மாலை ஏழு மணிக்கு யாராவது ஒருவர் நாவலில் ஓர் அத்தியாயத்தைக் குழுவில் வாசிக்கிறார்கள். படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள் கேட்கிறார்கள், லாரி ஓட்டுகிறவர்கள் கேட்கிறார்கள். காதல் அத்தியாயம் வரும் நாளில் மாடுகள் அசையாமல் நின்று பால் கொடுப்பதாக ஒஃபேலியா சொல்கிறாள். நிரூபிக்க ஆதாரம் இல்லை, மறுக்கவும் இல்லை. பத்தொன்பது வருடத்தில் நான் இழுத்து வராத மனிதர்களை அந்தப் பெண் நான்கு மாதத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்து வாசகர்களாக்கிவிட்டாள். மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சியபடி இதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. வெந்நீரின் சூடு என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

வினை எங்கே வந்தது என்றால், திருப்பித் தராத புத்தகங்களின் பட்டியலை எனக்கு மட்டும் அனுப்புங்கள் என்று நீதியா கேட்டாள். என் விரலுக்கு அந்த எழுத்துகள் சின்னவை. ஒரு விரலில் நான்கு எழுத்து விழுகிறது. ஆகவே வாயால் சொல்லிவிடலாம் என்று பொத்தானை அழுத்தி, வரிசையாகச் சொன்னேன். ரூஃபினோ புத்தகத் திருடன் என்றேன். பேக்கரி தெல்மீரா வாங்கிய சமையல் புத்தகத்தில் பாதிப் பக்கம் பால்கோவாவில் ஒட்டியிருக்கும், திருவிழாவுக்கு அவள் செய்த கேக்கைத் தின்றவர்களுக்கு மீதிப் பாதியை அவள் படிக்கவில்லை என்பது விளங்கும் என்றேன். பாதிரியார் துப்பறியும் நாவலின் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரை எழுதி வைத்துவிட்டார் என்றேன். பதினொரு நிமிடம் பேசினேன். நீதியாவுக்கு என்று நினைத்து அனுப்பினேன். குழுவுக்குப் போயிற்று.

அதுகூடப் பெரிதில்லை. அனுப்பிய நேரம் பிற்பகல் இரண்டரை.

உனக்குத் தெரியாதா அக்கா, இந்த ஊரே மதியத் தூக்கத்தில் கிடக்க, நாய்கூடக் குரைக்காமல் படுத்திருக்கும் நேரம் அது. அந்நேரத்தில் கைபேசி மணி ஒலித்தால் யாரோ செத்துப்போனார்கள் என்று அர்த்தம். எண்பது வீட்டிலும் பதறி எழுந்து, யார் போய்விட்டார்கள் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். கேட்டால் நான்.

மறுநாள் ஆண்டுக் கூட்டம். என்னைப் பொதுவில் திட்டுவதற்கு வேறு இடம் இல்லாததால் ஊரே வந்தது. வாசலில் நீதியா பதிவேட்டோடு நின்றாள். "விதி பதினாலு. கையில நூலகப் புஸ்தகம் பாக்கி இருக்கிறவங்க கூட்டத்துல வாய் திறக்கக் கூடாது. செயலாளரைத் திட்டணும்னா முதல்ல புஸ்தகத்தைக் குடுங்க" என்றாள். ஒவ்வொருவராக வீட்டுக்கு ஓடினார்கள். அரை மணியில் நூற்றுப் பதினேழு புத்தகம் வந்து குவிந்தது.

ரூஃபினோ முதலில் எழுந்தான். "திருடன்னு சொன்னீங்க, சரி. பதினாலு வருஷமா என்கிட்டதான் இருந்துச்சு, ஒத்துக்கிறேன். ஆனா ரெண்டரை மணிக்கா அண்ணே சொல்றது? எங்கம்மா கையில ஜெபமாலையோட எந்திரிச்சு உக்காந்துட்டாங்க!"

"ஏன்யா, என் கேக்கைக் குத்தம் சொல்றீரே, ரெண்டு துண்டு தின்னது யாரு?" என்றாள் தெல்மீரா.

"மூணு" என்று பாதிரியார் திருத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "மகனே, கொலைகாரன் பேரை நான் எழுதலை. எனக்கு முன்னால எடுத்துட்டுப் போனவர் எழுதினது. நானும் பாதிக்கப்பட்டவன்தான். பதிவேட்டைப் பாரும்மா நீதியா" என்றார்.

நீதியா பார்த்தாள். எனக்குத் தெரிந்த பெயர்தான். ரயில் நிலையத்தில் வேலை பார்த்த நாளிலிருந்தே எதையும் குறித்து வைப்பது என் வழக்கம்.

சிரிப்பு அடங்கக் கால் மணி ஆயிற்று. அந்தச் சந்தடியில் நீதியா மெதுவாகத் தலை எண்ணினாள். ஐம்பத்தெட்டு. நாற்பத்திரண்டு போதும். நாடாக்காரர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். நூலகம் நம்முடையது. ஆனால் தெருவில் இறங்கினால், "என்ன செயலாளரே, மணி ரெண்டரை ஆச்சா?" என்று கேட்காதவர் இல்லை. அதனால்தான் பின்னறையைப் பற்றிக் கேட்டேன். அந்தப் பொத்தானை இனி ஆயுளுக்கும் தொடுவதில்லை என்று சத்தியம் செய்து, பேனா பிடித்திருக்கிறேன்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம். புனித லூசியா உன் கண்களைக் காக்கட்டும்.

பாசமுள்ள தம்பி,
அன்செல்மோ

பி.கு.: கட்டு அவிழ்க்க இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று மருமகள் இப்போது தகவல் அனுப்பினாள். நீ அதுவரை காத்திருக்க வேண்டாமே என்று சத்தியத்தை ஒரே ஒரு முறை தளர்த்தி, இந்தக் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டு வாசித்து உனக்குக் குரலாக அனுப்பினேன். உனக்கு இன்னும் வரவில்லை என்று நினைக்கிறேன். மணி இரண்டு நாற்பது. எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. முதல் பதில் நீதியாவிடமிருந்து: "தொண்டை அடைக்குதா தாத்தா? இன்னிக்கு ஏழு மணி அத்தியாயம் நீங்கதான் வாசிக்கிறீங்க." பின்னறையை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடு.