ரோசி வேலுக்கு நான் போட்ட மாலை

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் 'தெரியாது' என்ற சொல் வாயில் வராது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் யாராவது வழி கேட்டால் போதும், கேட்ட இடம் எந்த ஊரில் இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் என் சித்தப்பா கையை நீட்டி ஒரு திசையைக் காட்டிவிடுவார். (அந்தத் திசையில் போனவர்கள் யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை. திரும்பி வர வழி தெரிந்திருக்காது.) இந்த வியாதி எனக்கும் உண்டு. சித்தப்பாவுக்கு அது பஸ் ஸ்டாண்டோடு போயிற்று. எனக்கு அமீரகத்தின் ஃபுஜைராவில், முழு ஆபீசுக்கும் முன்னால், கையில் மைக்கோடு முற்றியது.

ஃபுஜைரா துறைமுகத்தை ஒட்டி, எண்ணெய்த் தொட்டிகளை வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றில் நான் டாக்குமென்ட் கன்ட்ரோலர். பெயரைக் கேட்டு ஊரில் மிரண்டு போனார்கள். வருகிற காகிதத்தில் முத்திரை குத்தி அடுக்கி வைத்து, யாராவது கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் கன்ட்ரோல். அந்த வருஷம் எங்கள் அட்மின் சூப்பர்வைசர் வேலையை விட்டு ஊருக்குப் போவதாக இருந்தார். அந்த இடம் எனக்குக் கிடைத்தால் ஃபேமிலி விசா உண்டு, சின்னதாக ஒரு ஃப்ளாட் உண்டு. மனைவி மல்லிகாவையும் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் யாழினியையும் கூட்டி வந்துவிடலாம். மல்லிகா அங்கே பாத்திரங்களைப் பிரித்து வைக்கவே ஆரம்பித்துவிட்டாள். கொண்டு வருவது ஒரு பக்கம், அவள் அம்மா வீட்டில் போடுவது ஒரு பக்கம்.

எங்கள் ஜெனரல் மேனேஜர் ரஸ்ஸல் அமெரிக்கர். அவருடைய அறைச் சுவரில் எண்ணெய்த் தொட்டிப் படம் ஒன்றுகூடக் கிடையாது. சுவர் முழுக்கப் பழைய இசைத்தட்டு உறைகள். எல்லாமே அமெரிக்காவின் பெரிய இசைத்தட்டுக் கம்பெனி ஒன்றினுடையவை. (பெயரைச் சொல்ல மாட்டேன். பாடியவர்கள் போய்விட்டாலும் வக்கீல்கள் இருக்கிறார்கள்.) ஒரு நாள் கையெழுத்து வாங்கப் போனபோது அந்த உறைகளின் மூலையில் இருந்த முத்திரை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் திண்டுக்கல்லில் ஒரு கேசட் கடையில் வேலை பார்த்தேன். அங்கே யாருமே வாங்காத ஆங்கில கேசட்டுகள் ஒரு பெட்டியில் கிடந்தன. அவற்றில் இருந்த அதே முத்திரை. ஆக, எனக்குத் தெரிந்தது முத்திரை மட்டும்.

"சார், இந்தக் கம்பெனியா? இதோட ஹிஸ்டரி முழுக்க எனக்குத் தெரியுமே!" என்றேன்.

ரஸ்ஸல் பேனாவைக் கீழே வைத்தார். காணாமல் போன தம்பியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"சன்னி! இத்தனை வருஷமா இந்தப் பாலைவனத்துல இதைப் பத்திப் பேச எனக்கு ஒரு ஆள் கிடைக்கலையே!"

(என் பெயர் சண்முகசுந்தரம். வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் அதைச் சன்னி ஆக்கிவிட்டார்.)

அடுத்த மாதம் கம்பெனியின் வருடாந்திர மதிய விருந்து. துபாய் ஹெட் ஆபீசிலிருந்து பெரிய ஆட்கள் வருவார்கள். அதில் அந்த இசைத்தட்டுக் கம்பெனியின் வரலாற்றை நான் பேச வேண்டும், பேசி முடித்ததும் ஒரு ரகசிய விருந்தினரை அவர் மேடையேற்றுவார் என்று ஏற்பாடாயிற்று. "சூப்பர்வைசர் வேலைக்கு யாரைப் போடலாம்னு அவங்களும் பார்த்துக்கட்டும்" என்று கண்ணடித்தார். நான் அன்றைக்கே மல்லிகாவுக்கு போன் போட்டு, குக்கரைக் கொண்டு வருகிற பக்கத்தில் வை என்று சொல்லிவிட்டேன்.

கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்பில் என்னோடு ஒரே ரூமில் இருந்தவர் தயாபரன். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் சேஃப்டி ஆபீசர். கம்ப்யூட்டரில் படம் போடுவதில் கெட்டிக்காரர்.

"தயா, ஒரு உதவி."

"என்ன, திரும்பவும் ஏதோ தெரியுமெண்டு சொல்லிப்போட்டீரோ?"

நான் செல்போனில் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கச் சுவாரசியமாகத்தான் இருந்தது. மரச்சாமான் கடையின் பின்கட்டில் தொடங்கிய கம்பெனி. பாட்டு எழுதுகிறவர்களை மாதச் சம்பளத்துக்கு ஓர் அறையில் உட்கார வைத்து எழுதி வாங்கினார்கள். வாசித்தவர்களின் பெயரை உறையில் போடவே இல்லை. பாட வந்த ஏழைப் பெண்களுக்கு எப்படி உட்காருவது, எப்படிச் சிரிப்பது என்று சொல்லிக்கொடுக்க ஓர் அம்மாளை வைத்திருந்தார்கள். கடைசியில் கம்பெனியை இன்னொரு கம்பெனி விழுங்க, அதை மற்றொன்று விழுங்கிற்று. அந்தக் கம்பெனியின் முதல் நட்சத்திரம் ரோசி வேல் என்ற பாடகி. அவர் காலமாகிவிட்டார் என்ற செய்தியும், சவப்பெட்டி மேல் கம்பெனி அனுப்பிய பூக்களின் படமும் இணையத்தில் இருந்தன.

"வேலோ? எங்கட ஆளே?" என்றார் தயா.

"இல்ல தயா, அமெரிக்கக்காரம்மா. செத்துப் போச்சு."

"ஐயோ பாவம். அப்ப வடிவாச் செய்யவேணும்."

தயா கல்ஃபுக்கு வருவதற்கு முன்னால் ஊரில் மரண அறிவித்தல் அச்சடிக்கும் அச்சகத்தில் இருந்தவர் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். அவர் வடிவாகத்தான் செய்தார். ரோசி வேலின் இளவயதுப் படம். அதற்குக் கனமான ஒரு சாமந்தி மாலை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. பட்டனை அழுத்தினால் சுடர் அசையும். பார்த்ததும் நானே கை கூப்பிவிட்டேன்.

விருந்து கடற்கரை ஓட்டல் ஒன்றில் நடந்தது. முன்வரிசையில் ரஸ்ஸல். அவருக்கு ஒரு பக்கம் ஹெட் ஆபீஸ்காரர்கள். மறுபக்கம் வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, பச்சை கவுன் போட்ட ஒரு வயதான அம்மா. ரஸ்ஸலின் அம்மாவாக இருக்கும் என்று நினைத்து, ஒரு சிபாரிசுக்கு ஆகட்டும் என்று அவருக்குத் தனியாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேடை ஏறினேன்.

பேச்சு நன்றாகவே போயிற்று. மரச்சாமான் கடைக்குச் சிரித்தார்கள், சிரிக்கக் கற்றுக்கொடுத்த அம்மாளுக்குக் கைதட்டினார்கள். ரஸ்ஸல் தன் பிள்ளையின் பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்தவர்போலப் பூரித்துப்போயிருந்தார். நான் அதோடு இறங்கியிருக்கலாம்.

"இந்தக் கம்பெனியைத் தூக்கி நிறுத்திய குரல் இன்று நம்மிடையே இல்லை. ரோசி வேல் அம்மையாருக்காக எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம்" என்றேன். தயா பட்டனை அழுத்தினார். திரை நிறைய மாலையும் விளக்கும் வந்தன.

கூட்டம் எழுந்தது. அந்த வயதான அம்மாவும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து தலையைக் குனிந்தார். ரஸ்ஸல் மட்டும் எழவில்லை. வாய் பாதி திறந்தபடி உட்கார்ந்திருந்தார். மனிதருக்குத் துக்கம் தாங்கவில்லை என்று நினைத்தேன். அவருக்காக மௌனத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

பிறகு ரகசிய விருந்தினரை அறிவிக்கும்படி அவரை அழைத்தேன். ரஸ்ஸல் மேடைக்கு வந்து என்னிடமிருந்து மைக்கை வாங்கவில்லை, பிடுங்கினார். மாலை போட்ட படத்தை ஒரு முறை பார்த்தார். பச்சை கவுனைப் பார்த்தார்.

"லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்," என்றார். "மிஸ் ரோசி வேல்."

பின்னாலிருந்து எங்கள் பாகிஸ்தான் பட்டாண் டிரைவர் "யா அல்லா!" என்றார். அதற்கப்புறம் எழுந்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. தயா பதறிப்போய்ப் படத்தை அணைக்கப் பார்த்தார். கைக்கு வந்ததோ வேறு பட்டன். விளக்குகள் இன்னும் பிரகாசமாக எரிந்தன.

அந்த அம்மா மெதுவாக மேடை ஏறினார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"இந்தப் பையன் சொன்னது பாதி சரி. ரோசி வேல் செத்துட்டா. ஆனா அது நான் இல்லை" என்றார்.

(எனக்கு அப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. இருந்தாலும் என்னைப் பையன் என்று சொன்னது அன்றைக்கு ஆறுதலாக இருந்தது.)

ரோசி வேல் என்பதே கம்பெனி வைத்த பெயராம். அவர் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, பெயர் எங்களுடையது, விட்டுவிட்டுப் போ என்றார்களாம். அடுத்த மாதமே ஐரீன் என்ற வேறொரு பெண்ணைக் கூட்டி வந்து, அதே கவுனைப் போட்டு, அதே பெயரை வைத்துவிட்டார்கள். இவர் பஹ்ரைனிலும் மஸ்கட்டிலும் ஓட்டல் ஓட்டலாகப் பாடிப் பிழைத்தார். விளம்பரப் பலகையில் 'இன்றைய பாடகி' என்று மட்டும் போடுவார்களாம். இப்போது துபாயில் டீச்சராக இருக்கும் மகளோடு இருக்கிறார். அந்த மகள் மூலமாக இவரைக் கண்டுபிடித்த ரஸ்ஸல், இணையத்தில் இருந்த சாவுச் செய்தியைப் பார்த்ததே இல்லையாம்.

ரஸ்ஸல் நிலைமையைச் சமாளிக்க, கையெழுத்து வாங்குவதற்காகக் கொண்டு வந்திருந்த உறைகளை அவசரமாக நீட்டினார். அந்த அம்மா ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இதுல நான் இல்லை. இதுலயும் இல்லை. இது ஐரீனோட குரல், இதுவும் அவதான்." எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார். "அவ செத்தப்பகூட கம்பெனி அவ பேரைப் போடலை. ஒரு தடவை அவளுக்காக எழுந்து நிக்கிறீங்களா? பேரு ஐரீன்."

மறுபடியும் எல்லோரும் எழுந்தோம். இந்த முறை ரஸ்ஸலும் எழ வேண்டியிருந்தது. பின்னால் சாமந்தி மாலையும் விளக்கும் அப்படியே இருந்தன.

"ஒரே ஒரு பாட்டு பாடுங்களேன்" என்று ரஸ்ஸல் கெஞ்சினார்.

"அந்தப் பாட்டெல்லாம் ரோசி வேலோடது. அவதான் செத்துட்டாளே" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கீழே இறங்கினார்.

சாப்பாட்டு வரிசையில் நின்று நான் மன்னிப்புக் கேட்டேன். மாலையில் இருந்தது என்ன பூ என்று கேட்டார். சொன்னேன். நல்ல நிறம் என்றார். பிறகு என் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைப் பார்த்தார்.

"சன்னி. வீட்ல வச்ச பேரா?"

"இல்லம்மா. ஆபீஸ்ல வச்சது."

"வீட்ல?"

"சண்முகசுந்தரம்."

சொல்லிப் பார்த்தார். பாதி வரைக்கும்தான் வந்தது. இன்னொரு முறை முயன்றார். "கஷ்டமாத்தான் இருக்கு. அதுக்காக விட்டுக் கொடுத்துடாதே" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். நான் தலையாட்டினேன். அந்த பேட்ஜை நான் இன்றைக்கும் குத்திக்கொண்டுதான் டியூட்டிக்குப் போகிறேன்.

அடுத்த வாரம் ரஸ்ஸல் கூப்பிட்டார். அவர் சுவரில் முக்கால்வாசி உறைகளைக் காணோம். செத்துப்போன ஐரீனை அவர் சுவரிலிருந்தும் இறக்கிவிட்டிருந்தார்.

"சன்னி, விவரத்தைச் சரிபார்க்கிற ஆள் வேணும்னு ஹெட் ஆபீஸ்ல நினைக்கிறாங்க" என்றார். வாழ்நாள் முழுக்க வேறொருத்தியின் குரலை ரோசி வேலின் குரல் என்று கேட்டு உருகியவர் அவர். என்னை விவரம் சரிபார்க்காதவன் என்று சொல்லும்போது அவருக்குச் சிரிப்பே வரவில்லை. நான், "யெஸ் சார்" என்றேன்.

வெளியாள் ஒருவர் சூப்பர்வைசர் இடத்துக்கு வந்தார். ரூமில் தயாதான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மாலையை நான் போட்டிருக்கக் கூடாது, என்ன?" என்றார். மாலை நன்றாகத்தான் இருந்தது என்றேன்.

மல்லிகாவிடம் போனில் விஷயத்தைச் சொன்னபோது முதலில் பாத்திரம் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அந்தம்மாவும் எந்திரிச்சு நின்னாங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து முடித்து மூக்கைச் சிந்தினாள். சிரிப்பினால்தானா என்று நான் கேட்கவில்லை.

யாழினி இப்போது காலேஜ் போகிறாள். ஊரில் எங்கள் வீட்டு ஹாலில், இங்கே ஸ்டுடியோவில் எடுத்து அனுப்பிய என் படம் ஒன்று பெரிதாக மாட்டியிருக்கிறது. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "எப்பம்மா தவறுனாரு?" என்று கேட்பார்களாம். உடனே யாழினி, "ஐயோ, மாலை போட்டுடாதீங்க, எங்கப்பா முன்வரிசையில உக்காந்திருப்பாரு" என்று ஆரம்பித்து, ரோசி வேல் கதையை முழுக்க நடித்துக் காட்டுவாள். பட்டாண் டிரைவரின் குரலைக்கூட விடமாட்டாள்.

போன மாதம் எதிர்வீட்டுக்குக் குடிவந்த அம்மாளும் அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, உயிரோட இருக்காருல்ல, அது போதும். எப்ப வர்றாரு?" என்று கேட்டாராம்.

மல்லிகா காப்பி போட உள்ளே போய்விட்டாளாம்.