எண்பத்தைந்து மில்லிமீட்டர் மரியாதை

மாமியார் மேல் உள்ள மரியாதையைக் காரணம் காட்டி லென்ஸ் வாங்கிய கணவன் கம்பாலா நகரிலேயே லுகெம்வா ஒருவனாகத்தான் இருப்பான்.

கல்யாண வீடியோ அவர்கள் தொழில். எடுப்பது அவன், வெட்டி ஒட்டுவது மனைவி நல்வத்தா. இத்தனை காலமும் கேமராவோடு வந்த ஜூம் லென்ஸ் ஒன்றே சோறு போட்டது. ஆனால் பந்தலுக்குள் வெளிச்சம் குறைந்துவிட்டால் அந்த லென்ஸில் மணப்பெண்ணின் முகம் ரவை தூவியதுபோல் விழும். நல்வத்தாவின் தங்கைக்கு மசாக்காவில் பெண்வீட்டு அறிமுக விழா என்று செய்தி வந்த அன்று, லுகெம்வா சபதம் செய்தான்: பிரைம் லென்ஸ் ஒன்று வாங்கியே தீருவது.

பிரைம் லென்ஸில் ஜூம் கிடையாது. முகம் பெரிதாக வேண்டுமென்றால் நாம்தான் நடந்து கிட்டே போக வேண்டும். ஆனால் மங்கிய வெளிச்சத்தையும் வாரி விழுங்கும். எதிரே நிற்பவரைத் துல்லியமாகக் காட்டிப் பின்னால் இருப்பதைப் பஞ்சாக்கிவிடும். "வேண்டியது நிக்கும், வேண்டாதது கரைஞ்சுடும்" என்று லுகெம்வா வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

கடையில் இரண்டு இருந்தன. ஒன்று ஐம்பது மில்லிமீட்டர், புதிது, மலிவு. மற்றொன்று எண்பத்தைந்து; பழையது, ஆனாலும் விலை கூட.

"ஐம்பதே போதும்," என்றாள் நல்வத்தா. "மிச்சத்துல அம்மாவுக்கு ஒரு புசூட்டி எடுத்துடலாம். விழாவுக்குக் கட்டிக்க நல்லதா ஒரு உடுப்பு இல்ல அவங்ககிட்ட."

"ஐம்பதுல உங்கம்மா முகத்தை எடுக்கணும்னா நான் பக்கத்துல போயாகணும். மருமகன் மாமியார் பக்கத்துல போலாமா? ஒபுகோ வந்துடாது?"

ஒபுகோ என்பது நடுக்கம். மாமியாரைத் தொட்டவனுக்கும் நெருங்கி நின்றவனுக்கும் கைகால் உதறும் என்பது அவர்கள் மக்களின் நம்பிக்கை. லுகெம்வா அதை நம்பினானா என்று கேட்காதீர்கள். மாமியார் வீட்டுக் கூரை ஒழுகியபோதும், அவள் காய்ச்சலில் படுத்தபோதும், மசாக்கா பக்கம் தலைகாட்டாமலிருக்க அது அவனுக்குப் பயன்பட்டது. சோம்பலுக்கு இதைவிடக் கௌரவமான பெயர் கிடைக்காது.

"எண்பத்தஞ்சுன்னா?"

"வாழைத்தோப்புலயே நின்னுக்குவேன். முகம் தானா கிட்ட வரும். மரியாதையும் கெடாது."

"தூரத்து லென்ஸ் ஐயா, கொஞ்சம் கை அசைஞ்சாலும் படம் ஆடும். ஆட்டத்தைத் தடுக்கிற வசதி இருக்கா அதுல?"

"அது எதுக்கு? இது பாறைக் கை!"

"ஸ்டாண்டாவது எடுத்துட்டு வரட்டுமா?"

"ஸ்டாண்டைத் தூக்கிட்டு மாமியார் பின்னாடி அலையச் சொல்றியா?"

"சரி ஐயா. மரியாதைன்னு சொல்லிட்டீங்க. அதுக்கு மேல பேச நான் யாரு?"

இவ்வளவு சீக்கிரம் மனைவி அடங்கினால் கணவன் அஞ்ச வேண்டும். லுகெம்வா கொண்டாடினான்.

விழா நாளன்று பந்தலுக்குள் எண்பத்தைந்தை மாட்டிப் பார்த்தான். ஒரு காதும் அரைக் கன்னமும்தான் சட்டத்துக்குள் அகப்பட்டன. எனவே பந்தலுக்காக வாங்கிய லென்ஸைப் பைக்குள் போட்டுவிட்டுப் பழைய ஜூமையே எடுத்தான். மாமியார் வெளியே வந்தபோது மட்டும் தோப்போரம் ஓடி எண்பத்தைந்தை மாட்டினான். மருமகன் படம் எடுக்கிறான் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். சாயம்போன புசூட்டியை நீவிவிட்டு, இடுப்புப் பட்டையை இறுக்கி, தோப்பு இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பி, நெடுநேரம் அசையாமல் நின்றாள்.

வீடியோ தயாரானதும் மசாக்காவில் திரையிட்டார்கள். மாமியார் இருக்கும் அறையில் மருமகன் உட்காரக் கூடாது. வறுத்த கடலைத் தட்டோடு ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து, பாராட்டுக்குக் காதைத் தீட்டினான் லுகெம்வா.

உள்ளேயிருந்து நல்வத்தாவின் அத்தை குரல் வந்தது. "டிவியில கோளாறுடி. உங்கம்மா வந்தா மட்டும் ஆடுது."

"டிவி நல்லாத்தான் இருக்கு அத்தை. பாருங்க, புது மாப்பிள்ளை ஆடல. சீராக் கொண்டுவந்த ஆடும் ஆடல."

"ஆடே ஆடல, உங்கம்மா ஏன் ஆடுறா?" நாற்காலி நகரும் சத்தம். "அடப்பாவி! ஆடுறது அவன் கை! ஒபுகோடி இது! பக்கத்துல போயிருக்கான்!"

"தோப்புலதான் நின்னேன்!" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து லுகெம்வா கத்தினான்.

"தோப்புல நின்னவனுக்கு அவ மூக்கு மேல இருக்கிற மச்சம் எப்படிடா தெரிஞ்சுது?"

"அது எண்பத்தஞ்சு!"

"என்னடா எண்பத்தஞ்சு? அவளுக்கு அவ்வளவு வயசா ஆச்சு?"

லென்ஸ்தான் ஆடியது என்றால், மனைவி சொல் கேளாமல் தப்பான லென்ஸை வாங்கினேன் என்று ஊரறிய ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பிடி கடலையை வாயில் போட்டுக்கொண்டான். அத்தை தீர்ப்பு வழங்கினாள்: நெருங்கிய குற்றத்துக்கு மாமியாருக்கு ஒரு பட்டுப் புசூட்டி.

அப்போதுதான், கல்யாணமான இத்தனை காலத்தில் முதல்முறையாக, மாமியாரின் குரல் அவன் காதில் தெளிவாக விழுந்தது. "அவரைத் திட்டாதீங்க. எனக்குன்னு ஒரு படம் இருந்ததே இல்ல, அதான் நின்னேன். முகம் சரியாத் தெரியலன்னா என்ன, பரவாயில்ல."

லுகெம்வா கடலைத் தட்டைக் கீழே வைத்தான். ஒழுகிய கூரைக்கும் அவள் இதே 'பரவாயில்ல'தான் சொல்லியிருப்பாள்.

திரும்பும் பேருந்தில் மெல்லக் கேட்டான். "ஆட்டத்தை எடிட்டிங்ல கொஞ்சம் அடக்கியிருக்கலாமே?"

"அம்மா முகத்துல கைவைக்கிறதா?" என்றாள் நல்வத்தா, வெளியே பார்த்தபடி. "மரியாதை என்ன ஆகுறது ஐயா?"

எண்பத்தைந்து கடைக்கே திரும்பியது. வந்த பணம் ஒரு புசூட்டிக்கும் ஓர் ஐம்பது மில்லிமீட்டருக்கும் கச்சிதமாகப் போதும் என்பதை நல்வத்தா கணக்குப் போடாமலே சொன்னாள். ஒபுகோ பிடித்த கையை நம்பிக் கேமராவைத் தர அத்தை சம்மதிக்கவில்லை. தங்கையின் கல்யாணத்தை நல்வத்தாவே எடுத்தாள்.

அன்று ஐம்பதில் அவள் எடுத்த ஒரு படம் இப்போது மசாக்கா வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. பட்டுப் புசூட்டியில் மாமியார் சிரிக்கிறாள். மூக்கு மச்சம் முதல் இமை முடிவரை அவ்வளவு துல்லியம். பார்க்க வருகிற எல்லோரும் பின்னணி எத்தனை அழகாகக் கரைந்திருக்கிறது என்று வியக்கிறார்கள்.

கரைந்துபோன அந்தப் பின்னணியில் கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பது லுகெம்வா.