லெவல் நாலு புலி

ஒரு காட்டில், சிக்னல் கிடைக்கும் ஒரே பாறையைச் சுற்றி மிருகங்கள் மாலைதோறும் கூடி ஒரு கதை விளையாட்டு ஆடிவந்தன. ஆளுக்கொரு பாத்திரம். பகடை உருட்டினால் புள்ளி. புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும். கதையை நடத்துவது கனகவல்லி என்ற மந்தி. அவள் "ஆட்டம் முடிந்தது" என்று சொல்லும்வரை யாரும் பாத்திரத்தை விட்டு இறங்கக் கூடாது. அதுதான் ஒரே சட்டம்.

மருதையன் என்ற முயல், தன் நிழல் எதிரே வந்தாலும் வழிவிட்டு ஒதுங்குகிற ரகம். ஆட்டத்தில் மட்டும் அவன் மாவீரன் வஜ்ரபாகு, லெவல் ஒன்பது.

ஒருநாள் புதருக்குள்ளிருந்து புலி பாய்ந்து வந்தது. எல்லாரும் மரமேறிவிட்டார்கள். மருதையனுக்கு மரமேறத் தெரியாது.

"ஓடுடா மருதையா!" என்று மேலிருந்து கத்தினாள் கனகவல்லி.

ஆனால் ஆட்டம் முடிந்தது என்று அவள் சொல்லவில்லையே! சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மருதையன் மார்பை நிமிர்த்தினான்.

"யாரடா நீ?"

"பாத்தா தெரியலையா? புலி."

"அது உன் இனம். பாத்திரம் என்ன? எந்த லெவல்?"

புலி திகைத்தது. இதுவரை யாரும் நின்று அதைக் கேள்வி கேட்டதில்லை.

"லெவலா... அதெல்லாம் இல்லீங்களே."

"புதுசா? கடைசியில போய் உட்கார்."

உட்கார்ந்தது. மிச்சமிருந்த ஒரே பாத்திரம் மூலிகை வைத்தியர் சாந்தமுனி. கீரை தவிர எதையும் தொடமாட்டார். கனகவல்லி மரத்திலிருந்தபடியே அதைக் கொடுத்தாள். புலி பகடையை உருட்டியது. வஜ்ரபாகுவின் போர்க்காயம் குணமானது! மரம் முழுக்கக் கைதட்டல். தனக்காக யாரும் கைதட்டிக் கேட்டறியாத புலி பொலபொலவென்று அழுதுவிட்டது.

அதன்பின் ஆட்டம் முடியவே இல்லை. முடித்துவைக்க யாருக்குத் துணிச்சல்? புலி வல்லாரை தின்று மெலிந்தது. பணிவு கற்றது. அணிலின் சளிக்குக் கஷாயம்கூடக் காய்ச்சிக் கொடுத்தது. நாளடைவில் தான் புலி என்பதே அதற்கு மறந்துபோயிற்று.

ஒருநாள் அது மருதையனைத் தனியே அழைத்தது.

"தம்பி, நீங்க பொய் சொல்லமாட்டீங்க, அதான் கேக்குறேன். உங்களைப் பாத்தாலே எனக்கு எச்சில் ஊறுதே, ஏன்? உண்மையில நான் யாரு?"

பொய் மருதையனுக்கு வராது. உண்மையைச் சொன்னால் அவனே இருக்கமாட்டான். காதைச் சொறிந்து சொறிந்து யோசித்தான்.

"நீங்க லெவல் நாலு, சாமி. அஞ்சுக்கு இன்னும் கொஞ்சம் புள்ளிதான் குறையுது."

புலியின் முகம் மலர்ந்தது. "அப்ப எதுக்கு நின்னு பேசிக்கிட்டு? பகடையை எடுங்க!"

நீதி: தன்னைத் தான் அறிவது நல்லதுதான். கோரைப்பல் உள்ளவர்கள் அந்த முயற்சியில் இறங்கினால், உடனே அடுத்த லெவலைக் காட்டிவிடுங்கள்.