பச்சைக் கொப்பியும் ஒன்பது மில்லிமீற்றரும்

24.10.2003 என்று திகதியிட்ட கடிதமொன்று இன்னும் என் கோப்பில் இருக்கிறது. இரண்டே வரிகள். "உங்களுடையது என்று நாம் கருதும் பொருள் ஒன்று எம்மிடம் உள்ளது. அடையாள ஆவணத்துடன் நேரில் வரவும்." அடியில் பொலிஸ் நிலைய முத்திரை. அதை வாசித்து முடித்ததும் நான் செய்த முதல் காரியம், வீட்டுத் தேங்காய்த் துருவலையைப் போர்வையில் சுற்றி நிலவறையில் ஒளித்து வைத்தது. கூரான ஆயுதம் என்று எழுதிவிடுவார்கள் என்று பயம்.

"அப்ப சம்பலுக்கு நான் என்ன செய்யிறது?" என்றாள் என் மனைவி வதனி.

"உயிர் தப்பினால் சம்பல் சாப்பிடலாம்" என்றேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் அவளுடைய தம்பி ரூபன். நாங்கள் இருந்த நோர்வே நகரத்தின் குறொன்லாண்ட் பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தான். செப்டெம்பரில் ஒருவன் கத்தியைக் காட்டி ஒரு பெட்டி மாம்பழத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். (பொலிஸில் சொன்னாயா என்று கேட்டேன். "மாம்பழத்துக்கே, அத்தான்?" என்றான்.) மாம்பழத்தை மறந்துவிட்டான், கத்தியை மறக்க முடியவில்லை. கடைக் கதவின் மணி அடித்தாலே மிளகாய்த்தூள் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றான்.

"அத்தான், ஒரு கைத்துப்பாக்கி வாங்கப்போறன். எந்தத் தோட்டா நல்லதெண்டு நீங்கள்தான் பாத்துச் சொல்லவேணும். நீங்கள் வாசிக்கிற ஆளெல்லோ."

புதுவருட வாணவேடிக்கைக்கே கட்டிலுக்கடியில் ஒளிகிறவன் நான். ஆனால் 'வாசிக்கிற ஆள்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் எனக்குப் புத்தி நின்றுவிடும். மூன்று சனிக்கிழமைகள் நூலகத்தில் இருந்து, பச்சை மட்டைக் கொப்பியில் தோட்டாக்களின் விட்டப்படி (சில அங்குலத்தின் நூறிலொரு பங்கில், சில மில்லிமீற்றரில்) அட்டவணை போட்டேன். இருபத்திரண்டு: உதைப்பு இல்லை, நம்பிக்கையும் இல்லை. ஒன்பது மில்லிமீற்றர்: நடுத்தரம். நாற்பத்தைந்து: பெரிது, மெதுவானது (என் மாமனாரைப்போல என்று ஓரத்தில் எழுதியிருந்தேன்). முழுதும் செப்பு உறை போட்ட சன்னம் (தோட்டாவிலிருந்து பாயும் குண்டு) ஆளைத் துளைத்துக்கொண்டு அப்பாலும் போகும். நுனியில் குழி உள்ளது உடம்புக்குள் விரிந்து வேகம் இழக்கும். ரூபனின் கடைச் சுவருக்கு அந்தப் பக்கம் முடிதிருத்தும் கடை. ஆகவே குழி நுனியே பொருத்தம் என்று முடிவு கட்டி, இரண்டு முறை அடிக்கோடிட்டேன். முப்பத்தெட்டின் விட்டமும் ஒன்பது மில்லிமீற்றரும் ஏறத்தாழ ஒன்றே என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் இடையில் சமக்குறி போட்டு, 'ஆகவே ஒன்றுக்கு மற்றதைப் பாவிக்கலாம்' என்றும் எழுதினேன். அந்த வரியில் எனக்குத் தனிப் பெருமை.

கொப்பியின் முதல் பக்கத்தில் நோர்வேஜிய எழுத்தில் என் முழுப்பெயர், நாங்கள் குடியிருந்த மோர்டென்ஸ்ருட் முகவரி, பிறப்பிலக்கம் (இங்கே ஆளுக்கொரு அடையாள எண்), இரத்த வகை. தொலைந்தால் உதவும் என்று எல்லாக் கொப்பியிலும் எழுதுவேன்.

14.10.2003, செவ்வாய், மாலை 4.10. துப்பாக்கிக் கடையில் மூக்குக்கண்ணாடி போட்ட முதியவர் ஒருவர் இருந்தார். நான் கொப்பியை விரித்தேன்.

"எந்தக் கழகத்தில் இருக்கிறீர்கள்?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

ரூபன் முந்திக்கொண்டான். "தமிழ் விளையாட்டுக் கழகம். கரம்போர்ட் பிரிவு." (துப்பாக்கி சுடும் கழகத்தில் இருப்பவர்களுக்குத்தான் கைத்துப்பாக்கி விற்பார்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.)

அவர் கண்ணாடியைக் கழற்றி எங்களைப் பார்த்தார். "துப்பாக்கி எதற்கு?"

"கடையைக் காப்பாற்ற. ஆள் வந்தால் சுட" என்றான் ரூபன்.

அவர் கொப்பியைத் தன் பக்கம் திருப்பினார். எண்களுக்கும் சமக்குறிக்கும் மொழிபெயர்ப்பு தேவையில்லை. ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார். பிறகு கொப்பியைக் கையில் எடுத்து, "ஒரு நிமிடம்" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

எங்கள் ஊரில், சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு 'நில்' என்று சொல்லி உள்ளே போனவன் திரும்பித் தனியாக வந்ததில்லை. எனக்கும் ரூபனுக்கும் அது ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"அத்தான்..."

"கதைக்காதை. ஓடு."

சுரங்க ரயிலில் பாய்ந்து ஏறி மூச்சு வாங்கியபோது அது மோர்டென்ஸ்ருட் போகும் ரயில் அல்ல, வெஸ்ட்லி போவது என்று தெரிந்தது. கடைசித் தரிப்பு வரை இறங்கவில்லை. அங்கே போய் நின்றபோதுதான் உறைத்தது: கொப்பி!

ஆகஸ்டில்தான் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தோம். அகதிக் கடவுச்சீட்டில் ஊருக்குப் போக முடியாது. ஒன்பது வருடமாகத் தாயைக் காணாத வதனி, சண்டை நின்று ஊருக்குப் பாதை திறந்த நாளிலிருந்து பயணப்பெட்டியைக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள். தோட்டா அட்டவணை எழுதியவனுக்கு எந்த நாடு குடியுரிமை கொடுக்கும்? நான் அவளிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. பெட்டியை இழுத்து, தாய்க்கென்று வாங்கிய கம்பளிச் சட்டையை வெளியே எடுத்து அலுமாரியில் வைத்தாள். திட்டியிருக்கலாம்.

கடிதம் 27ஆம் திகதி வந்தது. 30ஆம் திகதி, இரண்டு உள்ளாடை, பற்தூரிகை சகிதம் பொலிஸ் நிலையம் போனேன். (தடுத்து வைத்தால் தேவைப்படும்.) இளம் பெண் அதிகாரி பச்சைக் கொப்பியை மேசையில் வைத்தார். அவர் வாய் திறக்கும் முன்பே நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்: ரூபன், மாம்பழம், குழி நுனி, போதாததற்கு ஒருமுறை சீட்டில்லாமல் ட்ராமில் போனது.

அவர் பொறுமையாகக் கேட்டார். "இது தொலைந்த பொருட்கள் பிரிவு" என்றார். "கடைக்காரர் கொண்டுவந்து தந்தார். இங்கே கையெழுத்து வையுங்கள். அந்தக் கத்திக்காரனைப் பற்றி உங்கள் மைத்துனரை முறைப்பாடு செய்யச் சொல்லுங்கள்."

வெளியே மரவாங்கில் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தேன். முழுதும் நோர்வேஜிய மொழியில் பென்சில் திருத்தங்கள், பள்ளிக்கூட வாத்தியார் செய்ததுபோல. முப்பத்தெட்டும் ஒன்பதும் ஒன்றே என்ற என் பெருமைக்குரிய வரிக்குக் குறுக்கே பெரிய வெட்டு: 'இல்லை! வேறு வேறு தோட்டா. ஆபத்து!' அட்டவணையின் அடியில்: 'தற்காப்புக்கு இங்கே அனுமதி கிடையாது. நல்ல பூட்டு வாங்கவும்.'

ரூபன் பூட்டு வாங்கினான். அடுத்த வருடம் எங்களுக்குக் குடியுரிமை கிடைத்தது; கம்பளிச் சட்டை ஊருக்குப் போனது. (அந்த வெயிலில் அதை மாமியார் ஒருநாளும் போடவில்லை என்பது வேறு கதை.) இன்றைக்கும் விருந்துக்கு வந்தவர்களிடம் வதனி "ஒரு நிமிசம்" என்று சொல்லிக் குசினிக்குள் போனால், என் மகள் உரத்துக் கத்துவாள்: "அப்பா, மாமா, சப்பாத்தைக் காலில் போடுங்கோ!"

அந்த முதியவர் பின்னறைக்குள் எதற்குப் போனார்? பொலிசுக்குத் தொலைபேசி எடுக்கத்தான் என்று ரூபன் சத்தியம் செய்கிறான். பென்சில் எடுக்கவும் கோப்பி ஊற்றவும் என்கிறாள் வதனி. கொப்பியின் எட்டாம் பக்கத்தில் கோப்பையின் அடி பதிந்த பழுப்பு வட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் நானும் கொப்பியின்மேல் தேநீர்க் கோப்பை வைக்கும் ஆள்தான். பின்னாளில் விசாரிக்கப் போனபோது அந்த இடத்தில் மூக்குக்கண்ணாடி விற்றார்கள். ஆகவே, இது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.