தலையணைக்கும் இதயம் பலவீனம்

அந்த மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. வந்தவர்கள் எல்லோரும் படுத்திருந்தார்களே! இதயம் பலவீனமானவர்கள், தலைமுதல் கால்வரை வெள்ளைப் போர்வைக்குள், வரிசையாக. புதிதாகப் பார்ப்பவருக்குப் பகீரென்றிருக்கும். பக்தர்களுக்கு இருக்கவில்லை.

"மனுஷனுக்கு இத்தனை துடிப்புன்னு எழுதியிருக்கு. நடந்தா செலவாயிடும்" என்பது சாமியார் துடிப்பானந்தரின் அருள்வாக்கு. நெஞ்சின்மேல் ஒரு கறுப்புக் கல்லை வைப்பார். கல் தானாகத் துடிக்கும். போன துடிப்பு திரும்பி வருகிறதாம்!

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரை அங்கே இழுத்துவந்தவள் அவருடைய அக்கா. அதுவரை அவர் இதய நோயாளிகளுக்கான ஆஸ்பத்திரிப் பயிற்சிக் கூடத்தில் வாரம் மூன்று நாள் மெல்ல நடந்து, சைக்கிள் மிதித்து, மாடிப்படியைக்கூட நிற்காமல் ஏறத் தொடங்கியிருந்தார்.

"சீக்காளியைப் போய் சைக்கிள் மிதிக்க விடுவாங்களாடா?" என்று அக்கா அழுதாள். தம்பி படுத்தார்.

ஒரு மாதம் படுத்ததன் பலன், குளியலறைக்குப் போவதற்குள் மூச்சு இரைத்தது. பயம் வந்தது. கூடவே சந்தேகமும் வந்தது. போர்வைக்குள்ளிருந்தே காதைத் தீட்டிக்கொண்டார். பக்கத்துப் பயில்வானுக்கும், அடுத்திருந்த ஒல்லிக் கிழவிக்கும், தனக்கும் கல் ஒரே வேகத்தில்தான் துடித்தது.

மறுநாள் தன் போர்வைக்குள் இரண்டு தலையணைகளைப் படுக்கவைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றார்.

துடிப்பானந்தர் வந்தார். கண்ணை மூடினார். கல்லை வைத்தார். துடித்தது!

"ஐயோ பாவம், ரொம்பப் பலவீனம். இன்னும் ஆறு மாசம் அசையவே கூடாது."

"அசையாதுங்க சாமி" என்று கண்டக்டர் வந்து போர்வையை உருவினார். "தலையணைதானே!"

வரிசை முழுக்கப் போர்வைகள் எழுந்து உட்கார்ந்தன. பயில்வான் கல்லைப் பிடுங்கித் தரையில் அடித்தார். உள்ளே ஒரு பேட்டரி, ஒரு குட்டி மோட்டார். துடிப்பானந்தர் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே, துடிப்பு செலவாகுமே என்ற கவலை துளியும் இல்லை!

டாக்டர் பரிசோதித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். பயிற்சிக் கூடத்தில் கண்டக்டரால் ஐந்து நிமிடம்தான் நடக்க முடிந்தது. பறிபோன மாதத்தை நினைத்துக் கண் கலங்கினார்.

"விட்டதைப் பிடிச்சிடலாம்ணே, அவசரமில்ல" என்றாள் பயிற்சி தரும் பெண்.

கூட வந்த அக்கா அவளிடம் பயபக்தியோடு கேட்டாள். "ஏம்மா, சைக்கிளை எந்தத் திசை பாத்து மிதிச்சா நல்லது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் முந்திக்கொண்டார்.

"எந்தத் திசையும் சரிதான்க்கா. மொதல்ல நம்ம மூளையை எழுப்பி நாலு அடி நடக்க விடுவோம். அதுதான் ரொம்ப நாளா போர்வைக்குள்ள படுத்திருக்கு."